ஓவர்கிளாக்: சூட்டுக்குக் காவல் உண்டு, வோல்டேஜுக்கு இல்லை

ப்ராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். அதைப் பற்றிய கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

என்னிடம் இருப்பது இன்டெல் ஐ7-12700கே ப்ராசஸர். 1.72 வோல்ட் வரை போகலாம் என்று இன்டெல் ஆவணத்திலேயே இருக்கிறது. 5.2 கிகாஹெர்ட்ஸுக்கு 1.42 வோல்ட் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

சிப்பின் ஆயுள் குறையும். மதர்போர்டிலுள்ள வோல்டேஜ் ரெகுலேட்டரிடம் சிப் அதிகபட்சம் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கான எல்லைதான் அந்த 1.72. கேட்டது அப்படியே வந்து சேராது. கரன்ட் இழுக்க இழுக்க வழியிலேயே குறையும். "எல்லா கோரும் முழு லோடில் ஓடும்போது 1.72 தாங்கும்" என்று அந்த ஆவணம் எங்கும் சொல்லவில்லை.

சிப்பைத் தேய்ப்பவை மூன்று: வோல்டேஜ், கரன்ட், சூடு. மூன்றும் ஒன்றாக ஏறும்போது சேதம் அதிகம். அளவு மீறிய கரன்ட், சிப்புக்குள் இருக்கும் மெல்லிய இணைப்புகளின் உலோக அணுக்களையே மெதுவாக நகர்த்திவிடும். இதைத்தான் எலக்ட்ரோமைக்ரேஷன் என்கிறார்கள். ஒரே நாளில் எதுவும் புகையாது. போன வருடம் 1.28 வோல்டில் ஒழுங்காக ஓடிய அதே வேகத்துக்கு இந்த வருடம் 1.31 தேவைப்படும், அவ்வளவுதான் அடையாளம்.

மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும். 1.30-லிருந்து 1.42-க்குப் போனால், வேகத்தைத் தொடாமலேயே சுமார் 19 சதவீதம் கூடுதல் வாட். எல்லா கோரும் ஓடும் லோடில், சாஃப்ட்வேர் காட்டும் வி-கோர் (கோர்களுக்குப் போகும் வோல்டேஜ்) 1.30-க்குள் இருந்தால் நிம்மதி, 1.35-ஐ மேல் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். இது இன்டெல் கொடுத்த எண் அல்ல, தினசரி பயன்பாட்டுக்கான என் கணக்கு.

முறை இதுதான்: எல்லா பி-கோருக்கும் (வேகமான பெரிய கோர்கள்) 4.9 கிகாஹெர்ட்ஸ், வோல்டேஜ் 1.25 என்று தொடங்கி, சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை சாஃப்ட்வேரை 10 நிமிடம் ஓட்டுங்கள். நின்றுபோனால் 0.01 வோல்ட் ஏற்றுங்கள். ஓடினால் 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுங்கள். அடுத்த 100 மெகாஹெர்ட்ஸுக்கு 0.05 வோல்டுக்கு மேல் கேட்கிறதா? அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கிடைப்பது வேகம் அல்ல, வெந்நீர்.

ஏஎம்டி ரைசன் 5 5600எக்ஸ். எந்த வேலையும் இல்லாதபோதே ஹெச்டபிள்யூஇன்ஃபோ (சென்சார் எண்களைக் காட்டும் சாஃப்ட்வேர்) 1.46 வோல்ட் காட்டுகிறது. பயந்துபோய் 1.40-இல் நிலையாகப் பூட்டிவிட்டேன். சரிதானே?

தப்பு. முன்பு இருந்ததுதான் பாதுகாப்பு.

லேசான வேலையில் ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் 4.6 கிகாஹெர்ட்ஸைத் தொடும்போது 1.4-க்கு மேல் கேட்பது ரைசனின் இயல்பு. அந்த நேரத்தில் கரன்ட் சில ஆம்பியர்தான். லோடு ஏறியதும் சிப் தானாகவே வோல்டேஜை இறக்கிக்கொள்ளும். நீங்கள் 1.40-இல் பூட்டியதும் அந்தப் புத்தி போய்விடுகிறது: ஆறு கோரும் முழு மூச்சில் ஓடும்போதும் அதே 1.40 பாயும். எண் சிறியது, ஆபத்து பெரியது.

உங்கள் சிப் எவ்வளவு தாங்கும் என்பதை அதனிடமே கேட்கலாம். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) வி-கோரை ஆட்டோவுக்குத் திருப்புங்கள். பிபிஓ-வை (சிப் தானே வேகத்தைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ள விடும் ஏஎம்டி வசதி) இயக்கி அதன் மின் வரம்புகளைத் தளர்த்துங்கள். பிறகு பிரைம்95 சாஃப்ட்வேரில் 'ஸ்மால் எஃப்எஃப்டி' என்ற கடும் சோதனையை ஓட்டி, ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் 'எஸ்விஐ2 டிஎஃப்என்' என்று குறித்த கோர் வோல்டேஜைப் பாருங்கள். மதர்போர்டு சென்சார் காட்டும் இன்னொரு வி-கோரை நம்ப வேண்டாம். கடும் லோடில் சிப் தானாக எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் மேல் வரம்பு. பெரும்பாலும் 1.25-லிருந்து 1.30-க்குள் இருக்கும்.

இந்தத் தலைமுறையில் நிலையான ஓவர்கிளாக்கே வேண்டாம் என்பேன். பிபிஓ-வோடு கர்வ் ஆப்டிமைசரில் (ஒவ்வொரு கோரும் கேட்கும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) எல்லா கோருக்கும் மைனஸ் 10 என்று தொடங்குங்கள். வோல்டேஜ் குறையும், சூடு குறையும், வேகம் கூடும். மூன்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் ஓவர்கிளாக்கில் வேறு எதுவும் இல்லை.

பயாஸில் 1.30 வைத்தேன், லோடில் 1.20 ஆகிவிடுகிறது. எல்எல்சி-யை (அந்தச் சரிவைக் குறைக்கும் 'லோடுலைன் காலிப்ரேஷன்' அமைப்பு) உச்சத்தில் வைக்கலாமா?

வேண்டாம். அந்தச் சரிவு கோளாறு அல்ல, வேண்டுமென்றே வைத்தது. லோடுலைன், அதாவது ஒரு ஆம்பியருக்கு எவ்வளவு இறங்கும் என்ற அளவு, 1.1 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். 100 ஆம்பியர் இழுத்தால் 0.11 வோல்ட் இறங்கும். லோடு சட்டென்று விலகும்போது வோல்டேஜ் மேலே துள்ளும். அந்தத் துள்ளலுக்கு விட்ட இடம்தான் இந்தச் சரிவு. எல்எல்சி-யை உச்சத்தில் வைத்துச் சரிவை நீக்கினால், துள்ளல் நீங்கள் வைத்த எண்ணைத் தாண்டிப் போகும். மைக்ரோ விநாடிகளில் நடப்பதால் எந்த சாஃப்ட்வேரும் காட்டாது. ஆசிலோஸ்கோப் மட்டும் காட்டும்.

நடுத்தர நிலையில் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி தலைகீழ். ஏசஸ் போர்டில் எண் கூடக் கூடச் சரிவு குறையும். எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் 1 என்பதுதான் மிகக் கடுமையான நிலை. ஒரு போர்டுக்கு எழுதிய குறிப்பைப் பார்த்து இன்னொரு போர்டில் '1' வைத்தவர்கள் உண்டு. பயாஸில் பக்கத்திலேயே வரைபடம் இருந்தால், கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஐ9-14900கே. ஓவர்கிளாக் எதுவும் செய்யவில்லை. கேம் திறக்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று வருகிறது; கிராபிக்ஸ் கார்டோ 16 ஜிபி.

கார்டைச் சந்தேகிக்காதீர்கள். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சிப்புகளில் தெரியவந்த சிதைவின் அடையாளம் இது. சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதால் உள்ளே ஒரு பகுதி தேய்ந்து, ஓடுவதற்கான குறைந்தபட்ச வோல்டேஜே ஏறிப்போகிறது. 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட்டோடு வரும், சிப்பின் உள் கட்டளைகளுக்கான திருத்தம்), 1.55 வோல்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி, சும்மா இருக்கும்போதும் லேசான வேலையிலும் அதிகம் கேட்பதைச் சரிசெய்தது.

பயாஸைப் புதுப்பித்து, 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' தேர்ந்து, எக்ஸ்எம்பி-யை (ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்துப் பாருங்கள். அப்படியும் அதே பிழை வந்தால் பெரும்பாலும் சிப் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. மைக்ரோகோட் அதைத் திருப்பித் தராது. பாதிக்கப்பட்ட மாடல்களின் வாரன்டியை இன்டெல் 2 ஆண்டு நீட்டி, 5 ஆண்டு ஆக்கியிருக்கிறது. பில்லைத் தேடி எடுங்கள். 'பி-கோரை 5.4-க்கு இறக்கினால் சரியாகிவிடும்' என்பார்கள். ஆகும், கொஞ்ச காலத்துக்கு. அதற்குள் வாரன்டி போய்விடக் கூடாது.

ரைசன் 7 7800எக்ஸ்3டி வாங்கப் போகிறேன். எரிந்துபோகும் என்கிறார்களே?

2023 ஏப்ரலில் சாக்கெட்டோடு கருகிய சிப்புகளின் படங்கள் வெளிவந்தன. எக்ஸ்போ-வை (எக்ஸ்எம்பி போன்ற ஏஎம்டி-யின் ரேம் அமைப்பு) இயக்கியதும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (சிப்புக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போவது) அளவுக்கு மீறி ஏற்றியது அதில் முக்கியமான காரணம். அதன் பிறகு வந்த பயாஸ்களில் ஏஎம்டி அதை 1.30 வோல்டில் கட்டிப்போட்டது. பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை பயாஸ் அப்டேட். டிடிஆர்5-6000-க்கு எஸ்ஓசி 1.20 முதல் 1.25 பெரும்பாலும் போதும். எக்ஸ்போ போட்ட பிறகு உண்மையில் என்ன வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரேம் வோல்டேஜ் 1.35 அல்லது 1.40 என்று தெரிந்தால் பதற வேண்டாம், அது வேறு கணக்கு.

எங்கள் ஊரில் மே மாதம் அறைக்குள்ளேயே 38 டிகிரி. சிப் எவ்வளவு சூடு வரை போகலாம்?

முதலில் கம்பெனி எல்லைகள்: ஐ9-14900கே-க்கு 100 டிகிரி. ரைசன் 5 5600எக்ஸ் 95, 5800எக்ஸ் 90. ரைசன் 7000 வரிசையில் 95. அதில் 7800எக்ஸ்3டி போன்ற எக்ஸ்3டி மாடல்களுக்கு 89. எல்லையைத் தொட்டால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரைசன் 9 7950எக்ஸ் போன்றவை கடும் லோடில் 95-ஐத் தொட்டு அங்கேயே நிற்கும்படிதான் வடிவமைக்கப்பட்டவை. அதனால் சூட்டைவிட வோல்டேஜைத்தான் கண்காணிக்கச் சொல்வேன்: கையால் பூட்டிய வோல்டேஜைச் சிப் உங்களுக்காகக் குறைக்காது.

வெயிலுக்கு வருவோம். கூலர் செய்வது அறைச் சூட்டுக்கு மேல் இத்தனை டிகிரி என்று நிறுத்துவதுதான். டிசம்பரில் 28 டிகிரி அறையில் 82 காட்டினால், மே மாதம் 92-ஐத் தொடும். ஏசி போட்ட அறையில் சோதித்து, ஏசி இல்லாமல் பயன்படுத்தினால் ஏமாறுவீர்கள். ஓவர்கிளாக்கைக் கோடையின் மதிய நேரத்தில் சோதியுங்கள். எல்லைக்கு 10 டிகிரி கீழே நிற்கட்டும்.

கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து 10 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் கூலர் மேல் குற்றமில்லை, காற்றோட்டம் போதவில்லை. புதிதாக மாட்டி இரண்டே நிமிடத்தில் 100-ஐத் தொட்டால், கூலரின் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடக்கிறது.

வீட்டில் கரன்ட் ஏறி இறங்குகிறது. ஓவர்கிளாக்குக்கு ஸ்டெபிலைசர் வேண்டுமா?

அந்த வோல்டேஜ் வேறு, இந்த வோல்டேஜ் வேறு. 100 முதல் 240 வரை தாங்கும் நல்ல எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டி) இருந்தால், சுவரில் 190 வந்தாலும் சிப்புக்குத் தெரியாது. யுபிஎஸ் மட்டும் கட்டாயம் வையுங்கள். பயாஸ் அப்டேட்டின் நடுவே கரன்ட் போனால் போர்டு கிளம்பாமலே போகலாம்.

ஐ5-12400, பி660 போர்டு. ஓவர்கிளாக் முடியுமா?

மல்டிப்ளையர் (வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கல் எண்) பூட்டியது, வழக்கமான முறையில் முடியாது. எக்ஸ்எம்பி-யை இயக்கி ரேம் வேகத்தை ஏற்றுங்கள், அதுவே போதும்.

கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 30. பிரைம்95 ஆறு மணி நேரம் தாங்கியது. ஆனால் பிரவுசர் திறந்து வைத்திருக்கும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது.

முழு லோடில் வேகம் குறைவு, அதனால் தாங்கியது. ஒரே கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் வோல்டேஜ் பற்றாமல் விழுகிறது. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 'வியா லாகர்' (WHEA-Logger) 18 என்ற பதிவைத் தேடுங்கள். அதிலுள்ள ஏபிஐசி எண்ணை (APIC ID) இரண்டால் வகுத்தால், 5600எக்ஸ் போன்ற ஒற்றைச் சிப்லெட் ப்ராசஸர்களில் எந்தக் கோர் என்று தெரியும்: எண் 6 அல்லது 7 என்றால் கோர் 3. அந்த ஒன்றை மட்டும் மைனஸ் 30-லிருந்து மைனஸ் 20-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு கோர்சைக்ளர் என்ற சோதனை சாஃப்ட்வேரை இரவு முழுக்க ஓடவிடுங்கள். அது ஒவ்வொரு கோராக எடுத்துச் சோதிக்கும். பிழை வந்த கோரை மட்டும் இன்னும் 5 தளர்த்துங்கள், மற்றவற்றைத் தொட வேண்டாம்.