தொலி உளுந்தும் சொதியும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஐந்து வயது. சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் தொலி உளுந்து, அதாவது தோல் நீக்காத கறுப்பு உளுந்து, போட்ட உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும்தான். அவனோ தட்டைப் பார்த்ததுமே “கறுப்பா இருக்கு” என்று தள்ளிவிடுகிறான். நாலு வாய் சாப்பிட்டால் கைப்பேசி தருவதாகச் சொல்லி ஒரு மாதம் ஊட்டிப் பார்த்தேன். இப்போது கைப்பேசி இல்லாமல் ஒரு வாய்கூட இறங்குவதில்லை. என் கணவர் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பான சொதியைத் தொடமாட்டார். பத்து வயதில் ஒரு மறுவீட்டு விருந்தில் சொதி சாப்பிட்ட அன்றிரவு காய்ச்சலும் வாந்தியுமாகக் கிடந்தாராம். ருசி பிறவியிலேயே வருவது, மாற்ற முடியாது என்கிறார் என் மாமியார். அப்படித்தானா? தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். மறுவீட்டுக்குச் சொதிதான். அன்று இவரைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

இனிப்பைக் கண்டால் சப்புக்கொட்டவும் கசப்பைக் கண்டால் முகம் சுளிக்கவும் பிறந்த குழந்தைக்கே தெரியும்; அந்த அளவுக்கு உங்கள் மாமியார் சொல்வது சரி. அதற்கு மேல் நாம் சேர்த்துக்கொள்ளும் விருப்பு வெறுப்புகளில் பெரும்பகுதி கற்றுக்கொண்டவைதான். கற்கிறோம் என்ற நினைவே இல்லாமல் கற்றுவிடுவதால் அவற்றைப் பிறவிக் குணம் என்று எண்ணிக்கொள்கிறோம். அந்தக் கல்வி தாய் வயிற்றிலேயே தொடங்குகிறது. 2001-இல் ஜூலி மென்னெல்லா என்ற அமெரிக்க ஆய்வாளர், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்துவந்த தாய்மாரின் குழந்தைகள், பின்னாளில் கேரட் கலந்த கூழை மற்றக் குழந்தைகளைவிட முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டதைக் காட்டினார்.

முதலில் உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரைப் பிடிவாதக்காரர் என்று வீட்டில் யாரும் எண்ணிவிடக்கூடாது. 1955-இல் ஜான் கார்சியா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுத்து, கூடவே கதிர்வீச்சால் அவற்றுக்குக் குமட்டலை உண்டாக்கினார்கள். ஒரே ஒரு முறை அப்படி நேர்ந்ததற்கே அந்த எலிகள் பல நாட்கள் இனிப்புத் தண்ணீரைத் தவிர்த்தன. ருசிக்கும் குமட்டலுக்கும் இடையில் மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் உடல் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும் என்பது பின்னர் தெரியவந்தது. உங்கள் கணவர் அன்று விருந்துக்கு வந்தவர்களையோ, மேளச் சத்தத்தையோ, இலையில் இருந்த இஞ்சித் துவையலையோ வெறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வயிற்றுக் கோளாறு என்றால் உடல் சந்தேகப்படுவது நாக்கில் பட்டதைத்தான், அதிலும் அதிகம் பழகாத ருசியைத்தான். காய்ச்சலுக்குச் சொதி காரணமில்லை என்பது இன்று அவருக்கும் தெரிந்திருக்கும். அறிவு ஒப்புக்கொண்டாலும் குடல் ஒப்புக்கொள்வதில்லை. நச்சுக் காயைத் தின்று பிழைத்த உயிர் அதை மறுமுறை தொடாமல் இருப்பதற்காக ஏற்பட்ட காவல் அது. தேங்காய்ப்பால் குழம்பென்றும் நச்சுக் காயென்றும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

கைப்பேசி விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; ஆனால் அதை இன்றோடு நிறுத்திவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், தானாகவே ஆசையோடு படம் வரைந்துகொண்டிருந்த சிறுபிள்ளைகளில் சிலருக்கு வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட மிகக் குறைந்த நேரமே வரைந்தார்கள். இஷ்டமாகச் செய்ததற்கே இந்தக் கதி என்றால், இஷ்டமில்லாத சோற்றுக்குக் கூலி பேசும்போது பிள்ளை என்ன புரிந்துகொள்வான்? கூலி கொடுத்தால்தான் தின்ன முடிகிற பண்டம் இது என்றுதான் புரிந்துகொள்வான். உங்கள் மகன் சரியாகத்தான் கற்றிருக்கிறான். நீங்கள் கற்றுக்கொடுக்க நினைத்தது வேறு, அவ்வளவுதான்.

எனக்குத் தொலி உளுந்து எப்படிப் பிடித்துப்போனது என்று யோசித்துப் பார்க்கிறேன். சேரன்மாதேவியில் என் ஆச்சி எள்ளுத் துவையலை அம்மியிலிருந்து வழித்தெடுத்தபின், கல்லில் ஒட்டியிருப்பதோடு ஒரு பிடி சூடான உளுந்தஞ்சோற்றைப் புரட்டி உருட்டுவாள். யாரையும் சாப்பிடச் சொல்லமாட்டாள். முதலில் நீட்டுகிற கையில் வைப்பாள், அவ்வளவே. அந்த உருண்டைக்காகப் பேரப்பிள்ளைகள் நாங்கள் முண்டியடித்துக்கொண்டு நிற்போம். கறுப்புத் தோலும் பூண்டும் வெந்தயமும் எனக்கு முதல் நாளே பிடித்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அண்ணன் முந்திவிடுவானோ என்ற பதைப்பும், அவன் வாய் அசைவதைப் பார்த்த ஆசையும், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அதே வாசனையும் சேர்ந்துதான் அதை ருசியாக்கின. 1980-இல் லியான் பிர்ச் என்பவர் செய்த ஆய்விலும் இதுதான் தெரிந்தது: ஒரு காயை விரும்பாத பிள்ளையை, அதை விரும்பும் பிள்ளைகளோடு சில நாள் ஒரே மேசையில் சாப்பிட வைத்தபோது, அவனும் அதை எடுக்கத் தொடங்கினான், யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

அடுத்தது, திரும்பத் திரும்பச் சந்திப்பது. அர்த்தம் தெரியாத எழுத்துகளைக்கூட அடிக்கடி பார்த்தவர்களுக்கு அவற்றின்மேல் ஒரு பிரியம் உண்டாகிறது என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-இல் எழுதினார். தாமிரபரணித் தண்ணீரைப் போல வேறெங்கும் இல்லை என்று நாம் சொல்வதிலும் இது நிச்சயம் கலந்திருக்கிறது; அதைத் தெரிந்துகொண்ட பின்னும் எனக்கு அந்தத் தண்ணீர்தான் இனிக்கிறது. உணவுக்கு மட்டும் கண்ணால் பார்ப்பது போதாது, நாக்கில் பட வேண்டும். சில பிள்ளைகளுக்குப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். பெரும்பாலான வீடுகளில் நாலாவது முறையோடு “இவனுக்கு இது பிடிக்காது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம், பிள்ளையும் அந்தத் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் காதுபடத் தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். சனிக்கிழமை அவன் தட்டில் வழக்கமான சோற்றோடு ஒரே ஒரு சிறிய உருண்டை வையுங்கள். மீதம் வைத்தால் பேசாமல் எடுத்துவிடுங்கள்.

மறுவீட்டன்று உங்கள் கணவரை வற்புறுத்த வேண்டாம். பத்துப் பேர் பார்க்க விழுங்கச் சொன்னால் பழைய குமட்டலோடு புதிய சங்கடமும் சேர்ந்துகொள்ளும். சில வெறுப்புகள் நாளாவட்டத்தில் தாமாகவே தளர்வதுண்டு, அவராக ஒரு நாள் கேட்டால் ஒரு கரண்டி ஊற்றுங்கள். அதுவரை அவர் இலைக்கு ரசம் போதும். மகனை மட்டும் அன்று தனியாக உட்காரவைத்து ஊட்டாமல், சொதியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பெரிய பிள்ளைகள் வரிசையில், அவர்களுக்கு நடுவே ஓர் இலை போட்டு உட்காரவையுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி