கப்பல் 2010-லேயே தண்ணீரில் இறங்கிவிட்டதே, அப்புறம் ஆறு வருஷம் என்ன செய்தார்கள்?

கேள்வி ஐஎன்எஸ் சென்னை என்ற ஏவுகணை நாசகாரிக் கப்பலைப் பற்றியது. மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் 2010 ஏப்ரலில் தண்ணீரில் இறங்கியது, 2016 நவம்பரில்தான் கடற்படையில் சேர்ந்தது.

கேபிள் இழுத்திருப்பார்கள். சிரிக்காதீர்கள், பாதி பதில் அதுதான். அந்தக் கப்பலில் நான் வேலை பார்த்ததில்லை. காரைக்குடியில் ஐடிஐ முடித்துவிட்டு, வேறொரு போர்க்கப்பலில் ஒப்பந்த எலக்ட்ரீஷியனாக மூன்று வருஷம் இருந்தேன்.

தண்ணீரில் இறங்கும் கப்பல், நிலை வைத்து ஓடு வேய்ந்த வீடு மாதிரி. குடிபோக முடியாது. சென்னையின் நீளம் 164 மீட்டர், எடை சுமார் 7,500 டன். அத்தனை நீளத்தையும் குறுக்கே இரும்புச் சுவர்கள் அறை அறையாகப் பிரிக்கும். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அடுத்ததற்குப் போகக் கூடாது. ஆனால் கேபிள் போயாக வேண்டுமே! அதற்காகச் சுவரில் ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். ஒவ்வொரு கேபிளையும் அதன் தடிமனுக்கேற்ற இரண்டு ரப்பர் கட்டைகளுக்கு நடுவில் வைத்து, வரிசையாக அடுக்கி, இறுக்கி மூட வேண்டும். ஊசி முனை இடைவெளி தெரிந்தாலும் சோதிக்க வருபவர் பிரிக்கச் சொல்லிவிடுவார்.

ஒருமுறை ஏழு சுவர் தாண்டி ஒரு கேபிளைக் கொண்டுபோனோம். கடைசியில் ஒரு முழம் குறைந்தது. வரைபடத்தில் பெட்டியை இடம் மாற்றியிருந்தார்கள், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வீடாக இருந்தால் ஒட்டுப் போட்டு டேப் சுற்றிவிடலாம். அங்கே நடுவழியில் ஒட்டுக்கு இடமில்லை. ஏழு சட்டத்தையும் பிரித்தோம்.

மீதிப் பாதி பதில் ஆயுதம். சென்னையின் அக்கா கப்பலான ஐஎன்எஸ் கொல்கத்தா 2014 ஆகஸ்டில் படையில் சேர்ந்தது. அதற்கான பராக்-8 வான்காப்பு ஏவுகணையை அதிலிருந்து முதன்முதலாக ஏவிப் பார்த்ததே 2015 டிசம்பரில்தான். மண்டபம் தயார், மாப்பிள்ளை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார் என்கிற கதை.

இப்போது வேகம் கூடியிருக்கிறது. இதே தளத்தின் ஐஎன்எஸ் சூரத் 2022 மே மாதம் இறங்கி, 31 மாதத்தில் கடற்படையின் கைக்கு வந்துவிட்டது. உடலைத் துண்டு துண்டாகக் கட்டிச் சேர்க்கும் முறை அது. துண்டு திறந்து கிடக்கும்போதே உள்வேலையில் ஒரு பங்கை முடித்துவிடலாம். குனிந்து தவழ்ந்து கேபிள் இழுத்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சேவையில் சேர்ந்த பிறகும் அந்தச் சட்டங்களுக்கு வேலை உண்டு. பத்துப் பதினைந்து வருஷத்தில் புது ரேடார் வரும், புதுக் கேபிள் வரும். அதற்காகச் சில இடங்களை வெற்று ரப்பர் கட்டையால் அடைத்து மிச்சம் வைப்போம்.

கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் வயரிங் செய்தவர் என் அப்பா. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், தேக்கு உத்தரத்தின் ஓரமாகவே வழி தேட வேண்டும். கப்பல் வேலை அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கூலி மட்டும்தான் புரியவில்லை. பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசியே பழகியவர்.

“சரி, மொத்தம் எத்தனை பாயிண்டுடா?” என்று ஒவ்வொரு லீவிலும் கேட்பார்.