டிமென்ஷியாவைப் பற்றிப் பேச சர்ச் எதற்கு? கேட்டதற்கெல்லாம் பதில்

அமெரிக்காவின் அட்லாண்டாவில் முதியோர் பராமரிப்பில் நர்சாக இருக்கிறேன். இங்கே கறுப்பினத்தவர் சர்ச்சுகளில் டிமென்ஷியா என்னும் மறதிநோய் பற்றிப் பேசப் போவேன் என்று சொன்னதும் வந்து குவிந்த கேள்விகள் இவை.

கே: அக்கா, ஆஸ்பத்திரி இருக்கும்போது சர்ச் எதற்கு?

ஆஸ்பத்திரிக்கு வந்தால்தானே அங்கே பேச முடியும்! அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அரசுச் சுகாதாரத் துறை, சிஃபிலிஸ் என்னும் பால்வினை நோய் இருந்த கறுப்பின ஆண்களிடம் நோய் இன்னதென்று சொல்லாமல், அதைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தது. இன்றைக்கு எண்பது வயதில் இருப்பவருக்கு இது சரித்திரப் பாடம் இல்லை, இளமையில் செய்தியில் கேட்டுக் கொதித்தது. முன்பின் தெரியாத டாக்டர் மூளையை ஸ்கேன் எடுக்கலாம் என்றால் தயங்கத்தான் செய்வார். அதையே பாஸ்டர் சொன்னால் காது கொடுப்பார்.

கே: கறுப்பினத்தவருக்கு மறதிநோய் அதிகம் வருகிறதாமே, பரம்பரையா?

65 தாண்டிய வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பரம்பரை என்று சொல்லி முடித்துவிட முடியாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, பக்கவாதம் அதிகம். அதற்கும் பின்னால் படிப்பிலும் வருமானத்திலும் வீட்டுவசதியிலும் காலங்காலமாக நடந்த பாகுபாடு.

கே: நோட்டீஸ் கொடுப்பதைத் தவிர என்ன நடக்கிறது?

நல்ல கேள்வி, ஏனென்றால் வெறும் நோட்டீஸ் குப்பைக்கூடைக்குத்தான் போகும். எமரி பல்கலைக்கழகத்தில் இருந்த நர்சிங் ஆய்வாளர் ஃபேரன் எப்ஸ் 2019-ல் 'ஆல்ட்டர்' திட்டத்தைத் தொடங்கினார். சர்ச்சே மறதிநோய்க் குடும்பங்களுக்கு ஏற்ற இடமாக மாற வேண்டும் என்பது அதன் நோக்கம். வாசலில் நின்று வரவேற்கும் அஷர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, ஆராதனையைச் சுருக்கிப் பழைய பாட்டுகளை அதிகம் சேர்ப்பது, கவனித்துக்கொள்ளும் மகளுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைக்க வழி செய்வது, இப்படிப்பட்ட காரியங்கள்தான் வேண்டும். இதற்கு முன்னோடியும் உண்டு. பெர்னெசா சீல் 1989-ல் நியூயார்க் ஹார்லெமில் சர்ச்சுகளை எய்ட்ஸ் பற்றிப் பேச வைத்தார், அதுவும் யாரும் வாய் திறக்காத காலத்தில். அதிலிருந்து வளர்ந்த 'பாம் இன் கிலியட்' அமைப்புதான் இப்போது ஜூன் மாத இரண்டாம் ஞாயிறை 'மெமரி சண்டே' என்று நடத்துகிறது.

கே: ஜெபம் பண்ணினால் போதும் என்று விட்டுவிட மாட்டார்களா?

விடுபவர்கள் உண்டு, மறைப்பானேன். ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை "வயசானா இப்படித்தான்" என்ற பேச்சு, அது எந்த ஊரில் இல்லை? ஜெபமும் பண்ணுவோம், டாக்டரையும் பார்ப்போம் என்று மேடையிலிருந்து பாஸ்டர் ஒரு தடவை சொன்னால், நான் பத்துக் கூட்டம் போட்டதற்குச் சமம்.

கே: சர்ச்சில் யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள்?

நான் பார்த்தவரை காணிக்கை எண்ணுகிறவர்! வாராவாரம் கணக்காக உறை போடும் பெரியவர் ஒருவர் ஒரே ஞாயிறில் இரண்டு தடவை போட்டார், அடுத்த வாரம் காலி உறை. பிள்ளைகள் வெளியூரில், போனில் பேசினால் அப்பா நன்றாகத்தான் இருந்தார். கணக்குப் பார்த்த அம்மாள் அதை ஊர் முழுக்கச் சொல்லாமல் மகளுக்கு மட்டும் போன் பண்ணினார். அந்தப் பக்குவம் எனக்கு வர வருஷங்கள் ஆகின.

கே: பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பாட்டி அடிக்கடி வழி தவறுகிறார். நான் என்ன செய்ய?

நீங்களே நோய்ப் பெயர் வைக்காதீர்கள். எந்த சர்ச்சுக்குப் போகிறார் என்று கேளுங்கள், ஒரு ஞாயிறு காரில் கொண்டுபோய் விடுங்கள், அங்கே அவரைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். குடும்பத்தாரிடம், மறதிநோய்க் குடும்பங்களுக்கு உதவும் அல்சைமர் சங்கத்தின் 24 மணி நேர எண்ணைக் கொடுங்கள்: 1-800-272-3900.