பழைய தாலர் வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள்

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். பழைய பொருள் சந்தையில் ஒரு வியாபாரி பிரஷ்யா என்ற பழைய ஜெர்மன் ராஜ்ஜியத்தின் வெள்ளிக் காசுகளான தாலர் இரண்டைக் காட்டினார். 1861-ல் அடித்தது பளபளவென்று இருக்கிறது. 1840-களில் அடித்தது கறுத்திருக்கிறது. எடை கூடுதல், அதனால் வெள்ளியும் கூடுதல் என்று அதற்கு ஒன்றரை மடங்கு விலை சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: எடை விஷயத்தில் அவர் உங்கள் காதில் பூச்சுற்றுகிறார். 1857-க்கு முந்தைய பிரஷ்யத் தாலர் சுமார் 22.27 கிராம், ஆனால் முக்கால் பங்குதான் வெள்ளி, மீதி செம்பு. 1857 வியன்னா நாணய ஒப்பந்தத்துக்கு அப்புறம் வந்தது 18.52 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. பெருக்கிப் பாருங்கள், இரண்டிலும் 16.7 கிராம் பக்கம்தான் வரும். கூடுதல் எடை முழுக்கச் செம்பு, அதற்குப் போய் ஒன்றரை மடங்கா! ஆனாலும் ஒரு சின்னத் தராசு கையில் இருக்கட்டும். 1861 காசு 17 கிராம் காட்டினால் பேரம் பேசாமல் நடையைக் கட்டுங்கள்.

எனக்குச் சந்தேகமே அந்தப் பளபளப்பின் மேல்தான். 160 வருஷத்துக்கு மேலான காசு சும்மா அப்படி மின்னாது. நம் ஊர்க் காசுமாலை மாதிரி அங்கேயும் தாலருக்கு வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் மாட்டினார்கள். பிற்பாடு யாராவது வளையத்தைக் கழற்றி, அந்த இடத்தை அரம் போட்டு, தடம் தெரியாமலிருக்க முழுக்காசையும் பாலிஷ் செய்துவிடுவார்கள். இந்தத் தடத்துக்கு ஜெர்மன்காரர்கள் சொல்லும் பெயர் ஹெங்கல்ஷ்பூர். காசைச் சாய்த்துப் பிடித்து, காசில் உள்ள மன்னர் தலைக்கு நேர் மேலே விளிம்பைப் பாருங்கள். 'கொட் மிட் உன்ஸ்' (கடவுள் நம்மோடு) என்று விளிம்பில் பதித்த எழுத்து ஓரிடத்தில் மட்டும் மழுங்கியிருந்தாலோ, பக்கத்தில் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடினாலோ, விட்டுவிடுங்கள். அந்த 1861 காசில் மன்னர் முதலாம் வில்ஹெல்மும் ராணி அகஸ்டாவும் சேர்ந்து இருந்தால் அது முடிசூட்டு நினைவுக் காசு, ஏராளமாக அடித்தது, நல்லதே தேடினால் கிடைக்கும்.

ஏலத்தில் எடுத்தால் பத்திரம் என்றும் நினைக்காதீர்கள். ஹெங்கல்ஷ்பூரைக் கேட்டலாக்கில் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கமாக ஒளித்துவைப்பார்கள், ஏலத்தொகைக்கு மேல் கமிஷன் மட்டும் மறக்காமல் போடுவார்கள், கேட்டால் விதிமுறையில் இருக்கிறதே என்பார்கள். வெல்வெட் பெட்டி, சான்றிதழ், முதல் காசு சலுகை விலையில் என்று தபாலில் வருகிறவர்கள் இன்னும் மோசம். கையெழுத்துப் போட்டால் மாதாமாதம் பார்சலும் பில்லும் வந்துகொண்டே இருக்கும்.

எடையும் விளிம்பும் சரியாக இருந்தால், விலையைக் குறைத்துக் கறுத்ததை வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் குத்துவிளக்கு நினைப்பில் விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.