காசு கொடுத்தவன் கையில் மாட்டிய பூட்டு

கேள்வி: நகல் எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டுப் பாட்டு விற்ற காலத்தில் இசைக் கம்பெனிகளுக்குக் கொஞ்சமாவது பாதுகாப்பு இருந்தது. அதை எடுத்துவிட்டது முட்டாள்தனம் இல்லையா? 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) தரத்திலேயே இலவசமாகக் கிடைக்கும்போது எவன் காசு கொடுப்பான்?
- கோவை வாசகர் ஒருவர்

பதில்: பாதுகாப்பா? யாரிடமிருந்து? திருடியவன் அந்தப் பூட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை ஐயா. காசு கொடுத்தவன் கையில்தான் அது மாட்டியது.

ஆப்பிள் 2003 ஏப்ரலில் ஐட்யூன்ஸ் என்ற ஆன்லைன் பாட்டுக் கடையைத் திறந்து, பாட்டு 99 சென்ட் என்று விற்றபோது ஃபேர்ப்ளே என்ற பூட்டோடுதான் கொடுத்தது. பூட்டு இல்லாமல் தரமாட்டோம் என்று அடம்பிடித்தவை பெரிய இசைக் கம்பெனிகள். அதே கம்பெனிகள் அதே பாட்டைப் பூட்டே இல்லாத சிடியில் போட்டுக் கடை கடையாக அடுக்கிக்கொண்டிருந்தன. 2007 பிப்ரவரியில் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த கடிதத்தில் கணக்குச் சொன்னார்: 2006-ல் பூட்டோடு ஆன்லைனில் விற்ற பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு, சிடியில் பூட்டில்லாமல் போனவை 2,000 கோடிக்கும் மேல். வாசல் கதவுக்கு ஏழு பூட்டு, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை. சிடிக்கும் பூட்டுப் போடப் பார்த்தார்கள். 2005-ல் சோனி பிஎம்ஜியின் சிடி, போட்டவர் கம்ப்யூட்டரிலேயே ஒளிந்து உட்காரும் மென்பொருளை இறக்கிவிட்டு மாட்டிக்கொண்டது; சிடிகளைத் திரும்பப் பெற்றதோடு வழக்குகளும் வந்தன.

இதற்காக ஜாப்ஸைப் புத்தராக்கிவிட வேண்டாம். ஆப்பிளின் ஐபாடைத் தவிர வேறு பிளேயரில் பாடாத பாட்டு அவருக்கும் வசதிதான். 2004-ல் ரியல்நெட்வொர்க்ஸ் என்ற கம்பெனி தன் ஆன்லைன் கடைப் பாட்டையும் ஐபாடில் ஓடவைக்க ஒரு வழி கண்டபோது, இது ஹேக்கர் வேலை என்று ஆப்பிள் சீறியது. சில மாதங்களில் வந்த ஐபாட் மென்பொருளில் அந்தப் பாட்டுகள் ஊமையாகிவிட்டன.

மைக்ரோசாஃப்ட் கதை இன்னும் ருசி. தங்கள் பூட்டுப் போட்ட பாட்டு நிச்சயம் பாடும் என்ற பொருளில் 'ப்ளேஸ்ஃபார்ஷ்யூர்' என்று பெயர் வைத்து, பல கம்பெனி பிளேயர்களில் அந்த முத்திரையைக் குத்தினார்கள். 2006-ல் அவர்களே 'ஸூன்' (Zune) என்று சொந்த பிளேயர் கொண்டுவந்தார்கள். அதில் ப்ளேஸ்ஃபார்ஷ்யூர் பாட்டு பாடாது! பிறகு 2008-ல், தங்கள் எம்எஸ்என் மியூசிக் கடையில் விற்ற பாட்டுகளுக்குச் சாவி கொடுக்கும் சர்வரை ஆகஸ்ட் 31-ஓடு நிறுத்தப்போவதாக அறிவிப்பு. அதாவது, நீங்கள் கம்ப்யூட்டரை மாற்றினால் காசு கொடுத்து வாங்கிய பாட்டு அம்போ. ஊரே கத்தியதும் 2011 முடிய நீட்டித்தார்கள். அதே 2008-ல் வால்மார்ட்டும் இதே போல அறிவித்தது. பாட்டுகளை சிடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளருக்கு ஆலோசனை வேறு. அப்புறம் அதுவும் பின்வாங்கியது.

சிடியில் எழுதிக்கொள் என்ற அந்த ஆலோசனையில்தான் ஒலித்தரம் மாட்டிக்கொள்கிறது. சிடியில் ஒரு நொடி இசைக்கு 1,411 கிலோபிட். ஐட்யூன்ஸ் அன்று விற்றது 128. பதினொன்றில் ஒரு பங்கு. மீதியை, காதுக்கு எட்டாது என்று கணக்குப் போட்டு, பாட்டைச் சுருக்கும் மென்பொருளான என்கோடர் கழித்துவிடும். ஓங்கிய சத்தத்தின் பக்கத்தில் ஒலிக்கும் மெல்லிய சத்தம்தான் முதல் பலி. அந்த 128-ஐ சிடியில் எழுதினால் ஃபைல் பெரிதாகும், போனது திரும்பாது. புது பிளேயருக்காக அந்த சிடியிலிருந்து மறுபடி எம்பி3 எடுத்தால், இன்னொரு என்கோடர் வந்து மிச்சத்திலும் கழிக்கும். ஒரு கச்சேரிப் பதிவை இப்படி இரண்டு முறை மாற்றிவிட்டுக் கடைசியில் வரும் கைதட்டலைக் கேளுங்கள், தண்ணீர் கொதிப்பது மாதிரி இருக்கும். நேர்மையாக வாங்கியவன் பூட்டிலிருந்து தப்பக் கொடுத்த விலை இது. திருடியவனோ நேராக சிடியிலிருந்தே எடுத்த எம்பி3-ஐக் கேட்டுக்கொண்டிருந்தான்.

உங்கள் '320' விஷயத்துக்கும் இதே பதில்தான். 128-ஐ எடுத்து 320 ஆக மாற்றி ஊருக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய சொம்புக்கு மாற்றுகிற வேலை. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராமை, அதாவது எந்த அலைவரிசை வரை ஒலி இருக்கிறது என்று காட்டும் படத்தை, பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியது போலக் கோடு நின்றால் அநேகமாக உங்கள் 320 போலி.

பூட்டை எடுத்ததால் வானம் இடிந்துவிழவில்லை. 2007-ல் இஎம்ஐ என்ற இசைக் கம்பெனி பூட்டில்லாத 256 கேபிபிஎஸ் பாட்டை 1.29 டாலருக்கு ஐட்யூன்ஸில் விற்றது; அந்த செப்டம்பரில் அமேசான், பூட்டில்லாத எம்பி3 கடையைத் திறந்தது; 2009 ஜனவரியில் நான்கு பெரிய கம்பெனிகளும் ஐட்யூன்ஸில் பூட்டைக் கழற்றச் சம்மதித்தன. விற்கிறவர்களே சுமக்க முடியாமல் இறக்கிவைத்த பூட்டுக்கு நீங்கள் ஏன் தோள் கொடுக்கிறீர்கள்?

நம் ஊரில் ஃப்ளிப்கார்ட் 2012-ல் ஃப்ளைட் என்ற பெயரில் பூட்டில்லாத எம்பி3 விற்றுப் பார்த்து, அடுத்த வருடமே மூடிவிட்டதே என்று மடக்குவீர்கள். மூடியது உண்மை. திருட்டு நகலும் ஒரு காரணம்தான். ஆனால் பத்துப் பதினைந்து ரூபாய்ப் பாட்டுக்கு கார்டு நம்பர், பாஸ்வேர்ட், ஓடிபி என்று அலைந்த காலம் அது. யுபிஐ வந்ததே 2016-ல். நானும் ஒருமுறை பாதியில் வெறுத்துப்போய்ப் பக்கத்தை மூடியிருக்கிறேன்.

மற்றபடி உங்கள் பூட்டு எங்கும் போய்விடவில்லை. மாதச் சந்தா ஆப்பில் டவுன்லோட் பட்டனை அமுக்கிச் சேர்த்துவைத்த பாட்டுகளை, சந்தா முடிந்த மறுநாள் தேடிப் பாருங்கள்.