சத்தம் வராத பழைய கணினிக்குப் புதிய சவுண்டு கார்டு வாங்கலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு கடையில் பழைய கோர் 2 டியோ மேசைக் கணினி ஒன்றை வாங்கி, அதில் லினக்ஸ் நிறுவினேன். சில நாள் நன்றாகப் பாடியது. பிறகு வேகம் கூடட்டும் என்று தேவையற்ற டிரைவர்களை நீக்கிவிட்டுக் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மூல நிரலிலிருந்து நானே கம்பைல் செய்தேன். அன்றிலிருந்து சத்தமே இல்லை. மதர்போர்டில் உள்ள சவுண்டு சிப் போய்விட்டது, தனியாக ஒரு பிசிஐ கார்டு போட வேண்டும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (தக்கலை வாசகர்)

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். கெர்னலை மாற்றிய அன்றே சத்தம் நின்றிருப்பதால், சிப் பழுதாகியிருக்கும் என்பதைவிட அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் விடுபட்டிருக்கும் என்று எண்ணுவதே பொருத்தம். கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னல் இன்னும் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அழித்துவிட்டிருந்தால், உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸை நிறுவாமலே இயக்கும் லைவ் பென்டிரைவ் ஒன்றிலிருந்து கணினியை இயக்கிப் பாருங்கள். அதில் பாட்டு கேட்டால் சிப் நலமாக இருக்கிறது. உங்கள் பணமும் மிச்சம்.

இனி, கெர்னலில் எது விடுபட்டிருக்கும் என்று பார்ப்போம். பென்டியம் 4 காலத்துப் பலகைகள் பலவற்றில் 1997இல் வந்த ஏசி'97 என்ற ஒலி முறை இருந்தது. இன்டெல் சிப்செட் என்றால் அதற்கு இன்டெல்8எக்ஸ்0 என்ற டிரைவர். 2004இல் இன்டெல் எச்டி ஆடியோவை அறிமுகப்படுத்தியது. கோர் 2 டியோ பலகைகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான், அதற்கு வேண்டியது எச்டிஏ-இன்டெல் டிரைவர். இரண்டிலும் இன்டெல் என்ற பெயர் இருப்பதால் பழையதைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. சரியானதையே தேர்ந்தெடுத்திருந்தாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். அந்த டிரைவர் சிப்செட்டில் உள்ள ஒலிக் கட்டுப்படுத்தியை மட்டுமே இயக்கும். ஒலியை உண்மையில் உருவாக்கும் கோடெக் சிப்புக்கு உரிய ஆதரவை, கெர்னலில் எவை சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக் திரையில் எச்டி ஆடியோ பகுதிக்குள் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தக் கோடெக் என்று அறிய, பின்புற ஒலித் துளைகளுக்கு அருகே பலகையில் இருக்கும் சிறு சதுரச் சிப்பைப் பாருங்கள். நண்டுச் சின்னம் பொறித்திருந்தால் அது ரியல்டெக். ரியல்டெக் கோடெக், பொதுக் கோடெக் இரண்டையும் மாடியூலாக, அதாவது தேவைப்படும்போது ஏற்றும் தனிப் பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். கெர்னலோடு சேர்த்துக் கட்டிவிட்டால் டிரைவரின் அமைப்பை மாற்ற ஒவ்வொரு முறையும் கிரப்பில் உள்ள கெர்னல் தொடக்க வரியைத் திருத்த வேண்டியிருக்கும். கெர்னலைச் சிறிதாக்க உங்களுக்கு இன்னும் விருப்பம் இருந்தால், சத்தம் வரும் கெர்னலில் ஒரு பாட்டை ஓடவிட்டுக்கொண்டே மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் கட்டளையைக் கொடுங்கள். அப்போது பயன்பாட்டில் இருக்கும் மாடியூல்களை மட்டும் அது வைத்துக்கொள்ளும். கையால் நீக்கிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது.

டிரைவர் ஏறிய பின்னும் அமைதியாக இருந்தால் ஒலி அளவைச் சரிசெய்யும் ஆல்சாமிக்சரைத் திறந்து, மாஸ்டர், பிசிஎம் ஆகியவற்றின் அடியில் எம்எம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எம் விசையை அழுத்தினால் ஒலித்தடை நீங்கும்.

லைவ் பென்டிரைவிலும் சத்தம் வராவிட்டால் மட்டுமே வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் முதலில் கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் ஆன்போர்டு ஆடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்பீக்கரை முன்பக்கத் துளையில் அல்லாமல் பின்னால் உள்ள பச்சைத் துளையில் செருகிப் பாருங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இருந்து வந்த கணினி என்றால் உப்புக்காற்றில் துளைகளின் உலோகத் தொடுமுனைகள் அரித்துப்போயிருக்கவும் கூடும்.

உண்மையாகவே சிப் போயிருந்தாலும் பிசிஐ கார்டைப் பரிந்துரைக்க மாட்டேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண யுஎஸ்பி சவுண்டு அடாப்டர் போதும்; யுஎஸ்பி ஆடியோ டிரைவரைக் கெர்னலில் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் உடனே இயங்கிவிடும், நாளைக்குக் கணினியை மாற்றினாலும் உடன் வரும்.

கடைக்காரர் மீது புகார் செய்ய முடியுமா என்றும் எண்ணியிருப்பீர்கள். வாங்கிய நாளிலிருந்தே ஒலி இல்லாதிருந்தால், ரசீதோடு முதலில் கடையில் எழுத்துமூலம் கேட்டு, பயனில்லை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணையோ, 2 ஆண்டுகளுக்குள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையோ அணுகலாம். உங்கள் கணினியோ முதலில் பாடியிருக்கிறது; எனவே பென்டிரைவ் சோதனையை முடிக்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.