கூரைக்குள் ரக்கூன் குட்டி போட்டிருக்கிறது, ஓட்டையை அடைக்கலாமா?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்களுடையது பழைய பங்களோ வீடு. மார்ச் கடைசியில் இருந்து இரவில் படுக்கையறைக்கு மேலே தடதடவென்று ஏதோ நடக்கிற சத்தம். இப்போது மே மாதம். ஒரு கிழமையாகக் குருவிக்குஞ்சு கத்துவது போலவும் கேட்கிறது. பின்பக்கத்தில் கராஜ் கூரை வீட்டுச் சுவரோடு சேரும் மூலையில் ஓட்டை ஒன்று தெரிகிறது. பொறிக்கூடு வைத்துப் பிடித்து ரூஜ் பார்க்கில் விட்டுவிடலாம் என்கிறார் கணவரின் சிநேகிதர். பூச்சி உருண்டையை அள்ளிப் போடச் சொல்கிறார் அக்கா. ரக்கூன் வெளியே போன நேரம் பார்த்து ஓட்டையில் பலகை அடித்துவிட்டால் என்ன? பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பமும் பயப்படுகிறது.

பதில்: இப்போது அடிக்கவேண்டாம். நீங்கள் சொல்லும் அந்தக் குருவிக்குஞ்சுச் சத்தம்தான் இதில் முக்கியமான தகவல். அது குட்டிகளின் சத்தம். உங்கள் கூரைக்குள் இருப்பது தாய் ரக்கூன். அது வெளியே போயிருக்கும் நேரத்தில் வழியை அடைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பெரும்பாலும் நடப்பது, தாய் திரும்பி வந்து பலகையைப் பிடுங்கும். பலகை அசையாவிட்டால் பக்கத்துத் தகரத்தையும் ஷிங்கிளையும் கிழித்துப் புது ஓட்டை போடும். குட்டி உள்ளே கத்திக்கொண்டிருக்க, தாய் சும்மா போகாது. அப்படியும் உள்ளே வர முடியாமல் போனால் குட்டிகள் பட்டினியில் செத்து, படுக்கையறைச் சீலிங்குக்கு மேலே அழுகும். அந்த மணமும் இலையானும் போக எத்தனை நாள் எடுக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதலில் இது ரக்கூன்தானா என்பதை உறுதி செய்துகொள்வோம். பகலில், அதுவும் விடியற்காலையில் விறுவிறுவென்று ஓடினால் அணில். சுவருக்குள் மெல்லிய பிறாண்டல் என்றால் எலி. பொழுதுபட்டதும் பூனையைவிடப் பாரமான ஒன்று ஆறுதலாக நடப்பதுபோல் கேட்டால் ரக்கூன். ஊரில் ஓட்டுக்கூரைக்குள் மரநாய் திரிகிற சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நடை உடனே பிடிபடும். பகலில் ஓட்டைக்குக் கீழே நின்று பாருங்கள். தண்ணீர் இறங்கும் பீலிக்குழாயில் மண் படிந்த கை அடையாளம் இருக்கும், சின்னப் பிள்ளை ஐந்து விரலையும் விரித்து வைத்ததுபோல. ஓட்டையின் விளிம்பு உடம்பு உரசி உரசி எண்ணெய் பிடித்துக் கறுத்திருக்கும். தகரத்தின் நுனியில் நரைத்த மயிர் ஒன்றிரண்டு சிக்கியிருக்கும்.

அந்த மூலையைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. தாழ்ந்த கூரை ஒன்று மேல்கூரையின் இறவாரத்துக்கு அடியில் போய் முட்டும் இடம்தான் இந்த ஊர் வீடுகளில் மிகப் பலவீனமான இடம். அந்த இறவாரத்தின் அடிப்பக்கத்தை மூடும் சொஃபிட் மெல்லிய அலுமினியத் தகடு. தாழ்ந்த கூரையில் நின்றபடி தலையாலும் தோளாலும் மேல்நோக்கி ஒரு தள்ளு தள்ளினால் அது கழன்றுவிடும். ரக்கூன் முன்னங்காலைக் கைபோலப் பாவிக்கும் விலங்கு. விரல்நுனியால் தடவித் தடவியே எது ஆடுகிறது என்று கண்டுபிடிக்கும். பிளாஸ்ரிக் கூரை வென்ட், மூடி இல்லாத புகைபோக்கி, கூரை விளிம்பில் அடித்திருக்கும் ஃபேசியா பலகை உக்கியிருந்தால் அது, இவையும் அதற்கு வாசல்தான்.

இனி நாள்கணக்கு. ஒன்ராறியோவில் ரக்கூன்கள் குளிர்காலக் கடைசியில் இணைசேரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். அதனால் பெரும்பாலான குட்டிகள் ஏப்ரல், மே மாதங்களில் பிறக்கின்றன, வழக்கமாக மூன்று முதல் ஐந்து வரை. கண் திறக்க மூன்று கிழமை ஆகும். எட்டு முதல் பத்துக் கிழமையில்தான் தாயின் பின்னால் ஏறி இறங்கப் பழகும். தகப்பன் இதில் எதிலும் இல்லை. குட்டிகளைத் தேடி ஆண் ரக்கூன் ஒன்று வந்தால் அது நல்லதுக்கு வருவதில்லை, தாய் கூரையில் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் கணக்குப்படி குட்டிகளுக்கு இன்னும் நடக்கத் தெரியாது. தாய் வாயால் கவ்வி ஒவ்வொன்றாகத் தூக்கிப் போனால்தான் அவை வெளியேறும். செய்யப்போகும் வேலை எல்லாம் தாயை அந்த முடிவுக்குக் கொண்டுவருவதுதான்.

பொறுமை இருந்தால் ஒன்றுமே செய்யாமல் ஜூன் கடைசி, ஜூலை வரை விடலாம். குட்டிகள் நடக்கத் தொடங்கியதும் தாய் அவற்றை இரவில் வெளியே கூட்டிப் போகும். பிறகு வேறு இடம் மாறும். கண்ணைச் சுற்றிய கறுப்புப் பட்டையால் மலைக்கள்ளன் போல் முகமூடி போட்டுக்கொண்டு அது ஐந்து குட்டியோடு உங்கள் வேலியில் வரிசையாகப் போவதைக் காண்பீர்கள். ஆனால் சீலிங்கில் ஈரக்கறை தெரிகிறது, குளியலறை ஃபேன் குழாய் கழன்றுவிட்டது, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றால் காத்திருக்கச் சொல்லமாட்டேன்.

காத்திருக்க முடியாதவர்கள் தாயின் நிம்மதியைக் கெடுக்கவேண்டும். அதற்கு வேண்டியது இருட்டு, அமைதி, மணமில்லாத இடம். மூன்றையும் எடுத்துவிடுங்கள். அட்டிக் (சீலிங்குக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளி) கதவை மெல்லத் திறந்து, உள்ளே ஏறாமல், சூடேறாத எல்.ஈ.டி. விளக்கு ஒன்றைக் குட்டிகள் இருக்கும் பக்கம் எரியவிடுங்கள். அந்தக் கதவுக்கு அருகே ஒரு ரேடியோவை வைத்துப் பேச்சு நிகழ்ச்சி ஓடவிடுங்கள். பாட்டைவிடப் பேச்சு நல்லது, மனிதக் குரலுக்குத்தான் அது கூச்சப்படும். தமிழ் வானொலியும் தாராளமாக வேலை செய்யும். வினாகிரியில் தோய்த்த பழந்துணியை ஓட்டைக்குப் பக்கத்தில் தொங்கவிடலாம். ஓட்டையை அது மறைக்கக்கூடாது. இதைப் பகலிலேயே தொடங்கி, இரவு பகலாக இரண்டு மூன்று நாள் விடாமல் ஓடவிடவேண்டும். ரக்கூனுக்கு வழக்கமாக ஒரே ஒரு வீடு இருக்காது, அக்கம்பக்கத்தில் வேறு மறைவிடங்களும் தெரிந்திருக்கும். அங்கே இடம் பார்த்து, ஒரு குட்டியைக் கவ்வி, கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுத்ததற்குத் திரும்பி வரும். கடும் மழையும் குளிருமான நாளில் இதைத் தொடங்கவேண்டாம், தாய் அசையாது.

பூச்சி உருண்டையைப் பற்றி அக்காவிடம் சொல்லுங்கள்: அது உடுப்பு அலுமாரிக்கு உரியது. அதை விலங்கு விரட்டக் கூரைக்குள் கொட்டுவது கனடாவில் சட்டப்படியும் சரியில்லை, அதன் ஆவி சீலிங் வழியாக இறங்கி உங்கள் நெஞ்சுக்குள்தான் போகும். அமோனியாவும் அப்படித்தான், ஓட முடியாத குட்டிகளின் சுவாசத்தைத்தான் முதலில் கருக்கும்.

சிநேகிதரின் பொறிக்கூடு யோசனை இன்னும் ஆபத்தானது. ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொத்துக்குச் சேதம் செய்யும் விலங்கைப் பிடிக்க விடுகிறது. ஆனால் பிடித்ததை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்தில் இருந்து 1 கிலோமீற்றருக்குள் விடவேண்டும். ரூஜ் பார்க்குக்கு ஏற்றிப்போவது சட்டமீறல். இதில் நியாயமும் இருக்கிறது. 2015 டிசம்பரில் ஹமில்ரன் பகுதியில் ரக்கூன் வகை விசர்நோய் (ரேபீஸ்) தலைகாட்டி, மாகாணம் தடுப்பு மருந்து வைத்த இரையைத் தூவவேண்டி வந்தது. நோய்பிடித்த விலங்கை வாகனத்தில் ஏற்றி ஊர்மாற்றினால் நோயும் கூடவே போகும். சட்டத்தை விடுங்கள், தாயைப் பிடித்துக் கொண்டுபோனால் குட்டிகளின் கதி பலகை அடித்ததற்குச் சமம்தான். நஞ்சு வைப்பது, அடிப்பது பற்றி யாராவது பேசினால் அந்தப் பேச்சையே நிறுத்துங்கள். 2011இல் ரொறன்ரோவில் ரக்கூன் குட்டிகளை மண்வெட்டியால் அடித்தவர் மீது விலங்கு வதை வழக்குப் பாய்ந்தது. 2015 ஜூலையில் யங் வீதி ஓரம் செத்துக் கிடந்த ஒரு ரக்கூனுக்கு ஊர்ச்சனம் பூவும் மெழுகுதிரியும் படமும் வைத்து அஞ்சலி செலுத்திய நகரம் இது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

நகரசபை வந்து பிடிக்குமா என்று பலரும் கேட்பார்கள். நகரசபையின் 311 இலக்கத்துக்கு அழைத்தால், நோயுற்ற, காயப்பட்ட, செத்த விலங்கு என்றால் ஆள் வரும். சுகமாகக் கூரைக்குள் குடியிருக்கும் ரக்கூனை எடுப்பது வீட்டுக்காரரின் செலவு.

அதனால் விளக்கும் ரேடியோவும் பலிக்காவிட்டால் வனவிலங்கு அகற்றும் வேலை செய்பவர்களைக் கூப்பிடவேண்டும். நல்லவரைத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: 'குட்டிகளை என்ன செய்வீர்கள்?' தெரிந்தவர் இப்படிச் சொல்வார்: அட்டிக்குக்குள் போய்க் குட்டிகளைக் கையுறையோடு எடுத்து, சூடு வைத்த பெட்டிக்குள் கூரையிலேயே, வாசலுக்குப் பக்கத்தில் வைப்போம், ஓட்டையில் ஒருவழிக் கதவு பூட்டுவோம், தாய் வெளியே வந்து பெட்டியைக் கண்டு, ஒவ்வொன்றாக வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். ஒருவழிக் கதவு என்பது ஸ்பிரிங் வைத்த தகரக் கதவுதான். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியே வந்ததும் தானாகச் சாத்திக்கொள்ளும். குட்டிகளைப் பார்க்காமலே 'ஒருவழிக் கதவு பூட்டினால் சரி' என்பவரையும், 'பிடித்துத் தூரக் கொண்டுபோய் விடுவோம்' என்பவரையும் அனுப்பிவிடுங்கள். குட்டிகளை நீங்களே தூக்கப் போகவேண்டாம். அட்டிக்கில் மரச்சட்டத்தில் இருந்து கால் வழுகினால் சீலிங்கை உடைத்துக்கொண்டு கீழே வருவீர்கள். அதற்குள் தாயும் உள்ளே இருந்தால் ஓட இடமில்லாமல் கடிக்கும். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். விசர்நோய்க்கு அறிகுறி வந்தபின் மருந்து இல்லை. தாய் திரும்பாமல் குட்டி தனித்துப்போனால் காட்டு விலங்குகளைப் பராமரிக்கும் ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்டரைக் கேளுங்கள். பால் பருக்கி வளர்க்கப் பார்க்கவேண்டாம்.

எல்லாம் போய்விட்டன என்று நினைத்ததும் பலகையோடு ஓடவேண்டாம். பழைய பத்திரிகையைக் கசக்கி ஓட்டைக்குள் தளர்வாகச் செருகுங்கள். மூன்று இரவு அது அசையாமல் இருந்து, உள்ளேயும் சத்தம் இல்லை என்றால் காலி. அதன்பிறகு மூடுங்கள், ஆனால் பலகையால் அல்ல, கோழிக்கூட்டு வலையாலும் அல்ல. அரை அங்குலக் கண்ணுள்ள, கல்வனைஸ் செய்த தடித்த பற்றவைப்புக் கம்பிவலையைத் தகரத்துக்குப் பின்னால் மரத்தோடு திருகாணி போட்டு இறுக்கவேண்டும். ஆணியைப் பிடுங்கிவிடும், திருகாணியைப் பிடுங்காது. அதே நாளில் மற்ற வென்ட், புகைபோக்கி எல்லாவற்றுக்கும் வலை போடுங்கள். ஒரு வாசலை மூடி மற்றதை விட்டால் அடுத்த மார்ச்சில் எனக்குத் திரும்ப எழுதுவீர்கள். கராஜ் கூரைக்குத் தொங்கும் மரக்கிளையையும் வெட்டிவிடுங்கள்.

எச்சத்தைத்தான் ஆட்கள் லேசாக எடுக்கிறார்கள். ரக்கூன் ஒரே மூலையில் போய் மலம் கழிக்கும் பழக்கம் உள்ளது. அந்தக் குவியலில் வட்டப்புழுவின் முட்டை இருக்கலாம். புதிதாக இருக்கும்போது ஆபத்து இல்லை, இரண்டு முதல் நான்கு கிழமைக்குப் பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். வாய்க்குள் போனால் மூளையையும் கண்ணையும் பாதிக்கும், அரிது என்றாலும் சின்னப் பிள்ளைகளுக்கு மிகக் கெடுதல். குளோரின் தண்ணீருக்கு அந்த முட்டை சாகாது, கொதிநீருக்குத்தான் சாகும். வெளியே டெக்கில், கராஜ் கூரையில் கிடந்தால் என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, தூசி எழாதபடி நனைத்து, அள்ளி இரட்டைப் பையில் கட்டிவிட்டு, கொதிநீர் ஊற்றுங்கள். அட்டிக்குக்குள் கொதிநீர் ஊற்ற முடியாது. அங்கே நனைந்த இன்சுலேஷனை (குளிர் இறங்காமல் பரப்பிய பஞ்சை) எடுத்துப் புதிது போட ஆளைப் பிடியுங்கள். வக்கூம் கிளீனரோடு நீங்கள் ஏறவேண்டாம்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. சனிக்கிழமையும் அமாவாசையும் காகத்துக்கு வைக்கும் சோறு பின்வளவில் மிஞ்சிக் கிடந்தால் இரவில் அதைச் சாப்பிடுவது காகம் அல்ல. 2023 ஏப்ரல் முதல் ரொறன்ரோவில் சொந்த வளவிலும் காட்டு விலங்குக்கு உணவு வைக்கத் தடை இருக்கிறது. படைத்த கையோடு எடுத்துவிடுங்கள்; உணவுக்கழிவு போடும் கிரீன் பின் பூட்டு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேஸ்மென்டில் இருப்பவர்களுக்கு விஷயத்தை இன்றே சொல்லுங்கள். 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டைத் திருத்தமாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. இந்தச் செலவில் அவர்களிடம் பங்கு கேட்க முடியாது. வீட்டுக் காப்புறுதியையும் அழைத்துக் கேளுங்கள். பல பொலிசிகள் விலங்குச் சேதத்தை விலக்கிவைக்கின்றன, சிலவற்றில் ரக்கூனுக்கு மட்டும் இடம் இருக்கும். திருத்த வேலை தொடங்குமுன் ஓட்டையையும் இன்சுலேஷனையும் சீலிங் கறையையும் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். வேலை செய்தவரிடம் மூடிய ஒவ்வொரு இடத்தின் படமும், எத்தனை வருட உத்தரவாதம் என்பதும் எழுத்தில் வாங்குங்கள்.